ஒரு தலைப்பிரட்டை பாக்கி

1945 பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு யு.எஸ்.எஸ். டன்லாவி பூமத்திய ரேகையில் முட்டி நின்றது. இயந்திரம் ஓடியது, சுழலி சுழன்றது, பின்னால் நுரை பொங்கியது. கப்பல் மட்டும் நகரவில்லை. ஆழம் பார்த்தார்கள். நாலாயிரம் மீட்டர் தண்ணீர் இருந்தது. திசை பார்க்கும் அதிகாரி பதிவேட்டில் அட்சரேகை பூஜ்யம் என்று எழுதினார், மறுபடி அளந்தார், பூஜ்யத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டார். அன்று மதியச் சாப்பாடு பீன்ஸும் சோளரொட்டியும்.

டன்லாவி ஒரு தாக்குதல் துருப்புக் கப்பல். அதாவது ஆயிரத்து நானூறு சிப்பாய்களை வயிற்றில் சுமந்துபோய், இருபத்தாறு படகுகளில் இறக்கி, சுட்டுக்கொண்டிருக்கும் கரைக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வருகிறவர்களுக்காகக் காபி போட்டு வைத்திருக்கும் கப்பல். கடலையே பார்த்திராத நெப்ராஸ்கா மாவட்டம் ஒன்றின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். போர்க்கால அவசரம், எழுபத்தொன்பது நாளில் கட்டி முடித்தார்கள். அந்த அவசரத்தில், எல்லாக் கப்பலுக்கும் உள்ளதுபோல் பொய்யைச் சுமக்கும் வசதியை இதற்குச் செய்ய மறந்துவிட்டார்கள் என்பது மாலுமிகளின் கணிப்பு. வேறு குறை ஏதும் இல்லை.

கடற்படையில் ரேகையைத் தாண்டாதவன் தலைப்பிரட்டை, தாண்டியவன் ஆமை. முதல் தடவை தாண்டும்போது தலைப்பிரட்டைகள் உடுப்பை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு, கடலரசன் முன் மண்டியிட்டு, கப்பலிலேயே குண்டான ஆளின் கிரீஸ் பூசிய தொப்பையில் முத்தமிட்டு, தொட்டித் தண்ணீரில் முக்கியெடுக்கப்பட்டு ஆமையாகிறார்கள். அதற்கு ஒரு சீட்டு தருவார்கள். சம்பளச் சீட்டைத் தொலைத்தவர்கள் உண்டு, ஆமைச் சீட்டைத் தொலைத்தவர் இல்லை. டன்லாவியில் அன்று காலையே சடங்கு முடிந்திருந்தது. ஆகவே கப்பல் நின்றதும், கடலரசனாக வேடம் கட்டியிருந்த கிழட்டு மாலுமித் தலைவர் கூகன், தரை துடைக்கும் துடைப்பக் கிரீடத்தைக் கழற்றாமலே தீர்ப்புச் சொன்னார்.

"எவனோ ஒரு தலைப்பிரட்டை ஒளிஞ்சிருக்கான்டா. தேடுங்க."

தேடினார்கள். படகுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பல் டாக்டர் அகப்பட்டார். அவரை முக்கினார்கள், கப்பல் நகரவில்லை. சந்தேகத்தின் பேரில் செனட்டர் என்ற நாயையும் முக்கினார்கள். அது சீட்டைத் தின்றுவிட்டது. ஐந்நூற்று முப்பத்தாறு பேரையும் வரிசையில் நிறுத்திச் சீட்டுப் பார்த்தார்கள். கேப்டனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேப்டனிடம் சீட்டுக் கேட்கும் வழக்கம் எந்தக் கடற்படையிலும் இல்லை. கூட வந்த மூன்று கப்பல்களிலிருந்து, ஏன் நிற்கிறாய் என்று கொடிச் செய்தி வந்தது. ஒரு தலைப்பிரட்டை பாக்கி என்று டன்லாவி பதில் சொன்னது. சீக்கிரம் முடித்துவிட்டு வா என்று சொல்லிவிட்டு அவை போய்விட்டன. தெற்கே ஒரு தீவில் ஆயிரத்து நானூறு சிப்பாய்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தக் கப்பலுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

கேப்டன் ஆர்வில் ஸ்டெங்கல் போருக்கு முன்பு கடலில் அல்ல, வட அமெரிக்காவின் பேரேரிகளில் சரக்குக் கப்பலில் இரும்புத்தாது ஏற்றிய மனிதர். 1926-இல் பிரேசிலின் ரியோவுக்குப் போகும் வழியில் ரேகையைத் தாண்டியதாகவும், கடலரசனே தன் கையைக் குலுக்கியதாகவும் அந்த வருடக் கடைசியில், ஏரிக்கரை டுலூத் நகரில் ஓர் இரவு விருந்தில் சொன்னார். கப்பல் முதலாளி ஹால்வர்சனின் மகள் சிக்னே, முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். பத்தொன்பது வருடமாக, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கதையில் ஓர் அலை கூடிக்கொண்டே வந்தது. ஸ்டெங்கல் ரேகையைத் தாண்டியதே இல்லை. இதை ஒப்புக்கொண்டால் கப்பல் நகரும். கப்பலில் ஐந்நூறு பேருக்குத் தெரிந்தது டுலூத்துக்குப் போய்ச் சேராமல் இருக்காது. சிக்னே எந்தக் கதையை நம்பிக் கட்டிக்கொண்டாளோ அந்தக் கதை போனபிறகு வீட்டில் தனக்கு என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை கேப்டனின் பணியாள், லூசியானாக்காரர் பட்டீஸ்ட், காபி கொண்டுவந்தார்.

"பட்டீஸ்ட், நீ எத்தனை தடவை தாண்டியிருக்க?"

"மூணு சார். மூணுக்கும் சீட்டு வச்சிருக்கேன்."

"அந்தத் தொப்பையில கிரீஸோட வேற என்னமோ தடவுவாங்களே... மறந்துபோச்சு."

"கடுகு விழுது சார். தாண்டினவங்க யாரும் மறக்கிறதில்லையே சார்."

கேப்டன் கோப்பைக்குள் பார்த்தார். பட்டீஸ்ட் சர்க்கரையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டா சுலபம் சார்."

கால் மணி நேரம் கழித்து, கேப்டன் தன் பைஜாமாவை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்கு வந்து கூகன் முன் மண்டியிட்டார். யாரும் சிரிக்கவில்லை, கூகன் துடைப்பத்தைச் சரிசெய்துகொண்டார்.

"குத்தம் என்ன?"

"பத்தொம்பது வருஷமா ஆமைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"பெரிய குத்தம் சார். ரெண்டு முத்தம்."

நூற்று நாற்பது கிலோ ரொட்டிக்காரன் புரூயிட்டுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க சார், மூணு நாளா இந்தத் தொப்பையைக் கழுவ விடல."

"உன் ரொட்டியே சாப்பிட்டாச்சு புரூயிட். இது என்ன பெருசு?" என்று சொல்லிவிட்டு கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

தொட்டியிலிருந்து அவர் தலை வெளியே வந்ததும், மூன்று நாள் சுழன்ற சுழற்சியெல்லாம் சேர்ந்து கப்பலைப் பிடித்துத் தள்ளியது. ஆயிரத்து இருநூறு மைலை நாற்பது நிமிடத்தில் கடந்தார்கள். சூப்பு முழுவதும் பின்சுவரில் இருந்தது. மற்ற மூன்று கப்பல்களுக்கு நடுவே தன் இடத்தில் டன்லாவி போய் நின்றபோது, முடிந்ததா என்று கொடி கேட்டது. முடிந்தது என்று கொடி சொன்னது.

ஏப்ரல் முதல் தேதி ஜப்பானின் ஒகினாவாத் தீவில் சிப்பாய்களை இறக்கினார்கள். எல்லாரும் பத்திரமாகத் திரும்புவீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்வது கேப்டன்களின் வழக்கம். ஸ்டெங்கல் வாயைத் திறந்தார், காலுக்கடியில் இருந்த கப்பலைக் கொஞ்சம் யோசித்தார். "எத்தனை பேர் வருவீங்கன்னு எனக்குத் தெரியாது பசங்களா. வர்றவங்களுக்குச் சூடா காபி இருக்கும்." கப்பல் பக்கத்தில் தொங்கிய கயிற்று வலையைப் பிடித்துப் படகுக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். வந்தவர்களுக்குக் காபி சூடாகவே இருந்தது. வராதவர்கள் பங்கையும் பட்டீஸ்ட் ஊற்றியே வைத்தார். யாரும் எடுத்துக் குடிக்கவில்லை.

டிசம்பரில் ஆயிரத்து எண்ணூறு பேரை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ வந்த டன்லாவி, துறைமேடைக்கு நூறு அடி முன்னால் நின்றது. மேடையில் பேண்டு வாத்தியம், மனைவிமார், அம்மாமார். முன்வரிசையில் பச்சைத் தொப்பியில் சிக்னே. சிப்பாய்கள் சங்கடப்பட்டு, எதிரியிடம் பறித்ததாகச் சொல்ல வைத்திருந்த வாள்களை, கப்பல் பட்டறையில் தாங்களே அடித்த வாள்களை, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டார்கள். கப்பல் அசையவில்லை. எல்லாரும் மேலே கேப்டனைப் பார்த்தார்கள். சிக்னேயிடமிருந்து வராத கடிதத்துக்கு ஏழு மாதமாகத் தபாலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒலிபெருக்கியை எடுத்தார்.

"சிக்னே! இருபத்தாறுல நான் ரியோ போகவே இல்ல!"

பேண்டு நின்றது. சிக்னே இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டாள்.

"தெரியும்டா முட்டாளே! அந்த ஜூலை நீ எங்கப்பா கப்பல்ல ஆஷ்டபுலா துறைமுகத்துல தாது இறக்கிட்டிருந்த! ஆள் பட்டியல டைப் அடிச்சதே நான்தான்!"

"அப்புறம் ஏன் என்னைக் கட்டிக்கிட்ட?"

"மத்தவனுங்க எல்லாம் தாது விலைதான் பேசினானுங்க! கயித்தைப் போடு, குளிருது!"

கயிற்றைப் போட அவசியம் இருக்கவில்லை. கப்பல் தானே வந்து மேடையில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிறிஸ்துமஸில் ஸ்டெங்கல் கடுகு விழுதுக் கதையைச் சொன்னார். விருந்தாளிகளில் ஒருவர்கூட நம்பவில்லை, சிக்னே மட்டும் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

டன்லாவிக்குப் போர் நட்சத்திரம் என்ற விருது ஒன்று கிடைத்தது. இருபத்தேழு வருடம் ஆற்று முகத்துவாரத்தில் மற்றக் கப்பல்களோடு கட்டிப்போட்டிருந்து, 1973-இல் உடைத்து உருக்கினார்கள். அந்த இரும்பில் ஒரு பகுதி, ஏரிக்கரை நகரம் ஒன்றின் நீதிமன்றத்து லிஃப்டாக ஆயிற்று. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அது நிற்கும். பழுதுபார்க்க யாரையும் கூப்பிடுவதில்லை. உள்ளே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், யாராவது தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதாவது சொல்வார், லிஃப்ட் கிளம்பும். வழக்கறிஞர்கள் படியில் ஏறுகிறார்கள்.