வி, ஐ, கே, ஏ, எல்

மூன்று ஆண்கள், மூன்று லேப்டாப், ஒரு தட்டு முந்திரி பிஸ்கட். ஒரகடத்தில் செல்போன் போர்டு செய்யும் கம்பெனியில் ஒரு இன்ஜினியரைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு போதும் என்று யாரோ முடிவு கட்டியிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அறிவுமதிக்கு வெள்ளிக்கிழமையோடு கான்ட்ராக்ட் முடிகிறது. தண்டலம் பக்கம் பி.இ. முடித்துவிட்டு, மூன்று வருஷமாக இதே கம்பெனியின் இரண்டாவது லைனில் டெக்னீஷியனாக நின்றவள். இன்று தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் சனிக்கிழமை முதல் வீடு.

ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார்கள். ஐந்து நாள் கழித்து அவள் எங்கே இருப்பாள் என்பதே இவர்கள் கையில்தான். இதில் இப்படியொரு கேள்வி கேட்க எவ்வளவு தடித்த தோல் வேண்டும்! பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் பதில் சொன்னாள்.

பிறகு நடுவில் இருந்த சீனிவாசன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய தலை. மெஷினைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்.

"விகல் எரர் பத்தி என்ன தெரியும்? எல்லாரும் இங்கதான் கோட்டை விடுறாங்க."

"விகலா சார்?"

"வி, ஐ, கே, ஏ, எல். வேக்கம் இன்டேக் கைனடிக் அலைன்மென்ட் லாஸ். நம்ம மேனுவல்ல ஒரு சேப்டரே இருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எழுத்துகளை அடித்தவளே அவள்தான். பொடிப்பொடிப் பாகங்களைக் காற்றால் உறிஞ்சி எடுத்து போர்டில் வைக்கும் மெஷின் அவ்வப்போது திக்கி நிற்கும். லைனில் எல்லோரும் அதை விக்கல் என்பார்கள். ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதும் கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்தில் அடித்தவள் அவசரத்தில் ஒரு கே-யை விழுங்கிவிட்டாள். அதைத் தலைமை அலுவலகத்தில் எந்த மேதாவியோ எழுத்தெழுத்தாகப் பிரித்து விளக்கம் எழுதியிருக்கிறான்.

ஆமாம் சார் என்று தலையாட்டினால் வேலை அவளுடையது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த மூஞ்சியைப் பார்த்துத் தலையாட்ட மனசு வரவில்லை.

"சார், அது விக்கல் சார். நாங்க வெச்ச பேரு. பார்ட்டுங்க ஒட்டி வர்ற டேப்போட பசை ஒட்டிக்கினா, மெஷின் பார்ட்டை எடுக்கசொல்ல விக்கும். தொடைச்சி வுட்டா சரியாயிடும். ரிப்போர்ட்ல எழுதினதே நான்தான்."

சீனிவாசன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "லைன்ல ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்கம்மா. இன்ஜினியருக்கு பேசிக்ஸ் முக்கியம்."

அடிப்படை அறிவு போதாது என்று படிவத்தில் எழுதினார். அவளுக்குத் தலைகீழாகவும் படிக்க வரும்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த எச்.ஆர். ஜோயல் அவள் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடி வந்தார்.

"மேடம், ஃப்ரைடே வரைக்கும் இருப்பீங்க இல்ல? பெங்களூர் யூனிட் பிரசாந்த்தை எடுத்துட்டோம். மேனுவலை ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சாரு. நாளைக்கே வர்றாரு. அந்த விகல் மட்டும் வந்தா எப்படிச் சரி பண்றதுன்னு அவருக்குக் காட்டிக் குடுத்துடுங்களேன்."

இந்த ஜென்மங்கள் முன்னால் அழுவதா?

"அதுக்கின்னா சார். விக்கல் வந்தா மெஷினுக்கு ரெண்டு மடக்கு தண்ணி குடுக்கச் சொல்லுங்க, நின்னுடும்."

ஜோயல் பேனாவை எடுத்தார். "மடக்குன்னா எத்தனை மில்லி மேடம்?"