ஆறாயிரம் முட்டையும் நாலு ஷாக்கும்

பதினோராயிரத்து முன்னூற்று நாற்பது சோம். ஜோல்தோஷ், உல்கானக்காவுக்குத் தர வேண்டிய பாக்கி அது. முட்டை ஒன்று பத்து சோம் என்று கணக்குப் போட்டால் ஆயிரத்து நூற்று முப்பத்து நாலு முட்டை. மூன்றே நடையில் அத்தனையும் அவன் வேனுக்குள் உடைந்து கூழாகிப் போனவை.

பிஷ்கெக் பக்கத்துக் கோழிப்பண்ணையில், தட்டுக்கு முப்பது முட்டையாக இருநூறு தட்டு ஏற்ற வேண்டும், தோலோன் கணவாய் தாண்டி நாரினில் அவள் கடையில் இறக்க வேண்டும். ஆறாயிரம் முட்டைக்கு நாலாயிரம் சோம் கூலி. டீசல் செலவு முன்சீட்டுப் பயணிகளின் கட்டணத்தில் போய்விடும். நல்ல பிழைப்புதான். ஆனால் வண்டியின் ஷாக் அப்சார்பர் நாலும் செத்துப் பல மாதம் ஆகிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த வளைவு வரைக்கும் குதித்துக்கொண்டே போகும்.

கடைசி நடையில் உல்கான் தட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"எனக்கு முட்ட வேணும்னு சொன்னேன். நீ ஆம்லெட்டா கொண்டாந்து இறக்குற."

"ரோடு அப்படிக்கா."

"அதே ரோட்டுலதான் மெதெரும் வர்றான். புது வேன் வாங்கிட்டு, எனக்கு ஏத்த விடுங்கன்னு தெனமும் போன் பண்றான். வர்ற வியாழக்கிழமை ஒரு தட்டுக்கு மேல ஒடஞ்சுச்சு, லோடு அவனுக்குத்தான். பாக்கிய வண்டிய வித்தாவது கட்டிடு."

வண்டியை விற்றால் மறுபடி செங்கல் சூளை. பத்து வருஷம் அங்கே சுமந்த முதுகு அவனுடையது. இனி அது குனியாது.

அவனிடம் இருந்தது பன்னிரண்டாயிரம். கொண்டுபோய்க் கடனை அடைத்துவிடலாம். ஆனால் வியாழக்கிழமை மறுபடி உடையும், மறுபடி கடன் ஏறும். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பணத்தோடு பிஷ்கெக் உதிரிபாகச் சந்தைக்குள் நுழைந்தான். வண்டியைச் சரிசெய்துகொண்டுதான் திரும்புவது என்று முடிவு.

முதல் கடையில் புதுசு நாலும் சேர்த்து இருபத்தாறாயிரம் என்றார்கள். அடுத்த கடையில் பெயர் தெரியாத புதுசு, நாலும் பதினோராயிரம்.

"கேரண்டி உண்டா?"

"சந்தை கேட் வரைக்கும் உண்டு" என்றான் கடைக்காரன்.

மூன்றாவது கடை இளைஞன், பந்தய வண்டியில் கழற்றிய செட் ஒன்றைக் காட்டினான். பச்சை ஸ்பிரிங். உயரத்தைத் திருகி ஏற்றலாம், இறக்கலாம். பார்க்க அழகுதான். ஜோல்தோஷ் தன் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கிப் பார்த்தான். அசையவில்லை.

"கல்லு மாதிரி இருக்கே."

"வளைவுல பறக்கும்ணே! என்ன ஏத்துறீங்க?"

"முட்ட."

இளைஞன் பச்சை ஸ்பிரிங்கை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டான்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி யோசித்தான். முட்டை எங்கே இருக்கிறது? பின் அச்சுக்கு மேலே. முன்னால் இருப்பது அவனும் இரண்டு பயணிகளும். அவர்கள் குலுங்கினால் வாயால் திட்டுவார்கள், உடைய மாட்டார்கள். அப்படியானால் காசு முழுக்கப் பின்னால் போக வேண்டும். நல்ல கம்பெனிப் புதுசு, பின்சக்கரத்துக்கு இரண்டு மட்டும். ஒன்று ஐயாயிரம் சொன்னார்கள். அசையாமல் நின்று, போய்விட்டுத் திரும்பி வந்து, மூன்றாம் தடவை ஒன்று நாலாயிரத்து ஐந்நூறு என்று இரண்டையும் வாங்கினான்.

மிச்சம் மூவாயிரம். முன்பக்கத்துக்கு ஜப்பானில் கழற்றி வந்த பழசு. அதை விற்றது இஸ்ஹார் என்கிற துங்கன் இனத்துக் கிழவர். ஜோடி மூவாயிரம், விருப்பம் போல் எடுத்துக்கொள் என்று ஒரு குவியலைக் காட்டினார். ஜோல்தோஷ் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக எடுத்தான், தண்டைத் தரையில் ஊன்றி அடிவரை அமுக்கினான், விட்டான், எண்ணினான். வேகமாக எழுந்தது தள்ளுபடி. எழவே எழாதது தள்ளுபடி. எண்ணெய் கசிந்தது தள்ளுபடி.

"யப்பா, பொண்ணு பாக்க வந்தியா, சாமான் வாங்க வந்தியா?" என்றார் கிழவர்.

"பொண்ணுன்னா இந்நேரம் சரின்னுருப்பேன் பெரியவரே."

முப்பத்தெட்டை அமுக்கினான். ஏழு தேறியது. ஏழில் ஒரே நிதானத்தில் எழுந்த இரண்டு கிடைத்தபோது அவன் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. கிழவர் சும்மா இருக்க முடியாமல் ஒரு கோப்பை டீ ஊற்றிக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை, நாரின் வண்டிகள் நிற்கும் மைதானத்தில் ஜாக்கி போட்டான். கூலி கொடுக்கக் காசில்லை, கையே மெக்கானிக். பின்பக்கத்துப் பழைய ஷாக்கைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான். தண்டு முழுக்கத் துரு. கீழ்க்கோடியில் மூன்று விரல் அகலம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. இத்தனை காலம் அது முழுசாக நீண்டபடியே நின்று, அந்த மூன்று விரல் இடத்துக்குள்தான் ஆடியிருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மேலும் நீள இடமில்லாமல் எல்லையில் போய் முட்டியிருக்கிறது.

காரணம் பக்கத்திலேயே இருந்தது. ஸ்பிரிங்குக்கு அடியில் ரப்பர் கட்டை; அது வண்டியைத் தூக்கி, ஷாக்கை எப்போதும் நீட்டியே வைத்திருந்தது. கொச்கோரிலிருந்து நாரின் வரைக்கும் எல்லாரும் வைப்பதுதான். பனிக்கும் கல்லுக்கும் வண்டி உயரமாக நிற்க வேண்டும். தாழ்ந்த வண்டியை ஸ்டாண்டில் ஒருத்தன் மதிக்க மாட்டான். அவனும் ஆசை ஆசையாக நாலு மூலைக்கும் வைத்தான். புது ஷாக்கை மாட்டினாலும் இந்தக் கட்டை அதையும் ஒரே குளிர்காலத்தில் தின்றுவிடும்.

சுத்தியலை எடுத்துக் கட்டைகளைத் தட்டி வெளியே எறிந்தான். வாங்கி வந்த நாலையும் மாட்டி ஜாக்கியை இறக்கினபோது வேன் நாலு விரல் அமுங்கி உட்கார்ந்தது.

மெதெர் தன் புது வேனில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, வண்டி குட்டி போடப் போவுதா? வயிறு தரையில தேயுது!"

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள்.

"ஆமாடா. ஆறாயிரம் முட்ட ஏறப் போவுது வயித்துல" என்றான் ஜோல்தோஷ், நட்டை முறுக்கிக்கொண்டே. "குட்டியா குஞ்சான்னு நாரின் போயி சொல்றேன்."

வியாழக்கிழமை, தரை உரசாத தடமாகப் பார்த்துப் பார்த்துப் போனான். கல் கிடந்தால் இறங்கி எடுத்துப் போட்டான். முன்சீட்டில் இருந்த கணக்கு வாத்தியார் ஐந்தாவது தடவை பெருமூச்சு விட்டார்.

"தம்பி, ரோடு போட வந்தியா?"

"எறங்கி ஒரு கை குடுத்தா சீக்கிரம் போயிரலாம் சார்."

கணவாய்க்குக் கீழே சலவைப்பலகை போல வரிவரியாகக் கிடக்கும் சாலை. வழக்கமாக அங்கேதான் பின்னாலிருந்து நொறுங்கும் சத்தம் வரும். ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். முன்பக்கம் தடதடத்தது. பின்பக்கம், சக்கரம் ஒரு குழியில் இறங்கியது, ஏறியது, ஒரே ஆட்டத்தில் நின்றது. இன்னொரு குழி. அதுவும் அப்படியே. ஸ்டியரிங்கை இறுக்கியிருந்த விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

உல்கான் இருநூறு தட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு மணி நேரம் ஆனது. அவன் உட்காரவில்லை.

"ஏழு" என்றாள். திரும்ப ஒரு தடவை பார்த்தாள். "ஏழுதான். இவ்ளோ ஒடையறத நான் கணக்குல சேக்கல. மெதெருக்கு நான் போன் பண்ணல போ. கூலி நாலாயிரம் பாக்கியில கழியுது. கைக்கு ஒண்ணும் கெடையாது."

"வேணாம்கா. கழிங்க."

அடுத்த வியாழன் நாலு உடைந்தது. இன்னொரு நாலாயிரம் கழிந்தது. அதற்கடுத்த வியாழன் மூன்று. உல்கானுக்கு ஆவல் தாங்கவில்லை. பாவாடையை ஒதுக்கிக்கொண்டு மண்டி போட்டு வேனுக்கடியில் எட்டிப் பார்த்தாள்.

"எதுடா அது, அந்தக் கறுப்பா மின்னுதே, அதுவா?"

அவ்வளவுதான். கடை வாசலில் நின்ற டிரைவர்கள் கூச்சல் போட்டார்கள். "பாத்துட்டாங்க! அக்கா புதுசைப் பாத்துட்டாங்க! கொரூம்துக் வைங்க!"

புது மருமகளோ புது வண்டியோ, முதல்முதலாகப் பார்க்கிறவர் கொரூம்துக் என்று காசு வைத்தே ஆக வேண்டும். யாரும் தப்ப முடியாது.

"ஷாக்குக்கெல்லாம் எவன்டா கொரூம்துக் கேப்பான்?" உல்கான் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அவங்க கெடக்குறாங்க, விடுங்கக்கா" என்றான் ஜோல்தோஷ். "நான் முழுசா கட்டிர்றேன்."

"நீ வாய மூடு. பாத்தது நானு." கணக்கு நோட்டை எடுத்தாள். மூவாயிரத்து முன்னூற்று நாற்பது என்று நின்றது. முன்னூற்று நாற்பதின் மேல் ஒரு கோடு. "இது உன் ஷாக்குக்கு. மூவாயிரம் கூலியில கழிஞ்சுது." ஆயிரம் சோம் நோட்டு ஒன்றை அவன் கையில் வைத்தாள். பிறகு பேனாவை அழுத்திப் பிடித்து அவன் பெயரையே அடித்தாள், தாள் கிழிகிற அளவுக்கு.