பெருக்கு

ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் ஏ.சி. போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டருக்காகப் போட்டது, கூடவே அதைப் பார்த்துக்கொள்ளும் அன்னாளுக்கும் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனால், சாயங்காலம் வரை பேச ஆள் கிடையாது. தறிச் சத்தம்கூடக் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடும். கிளம்பும்முன் அன்றைய குறிப்பை எழுதுவாள்: 'மின்தடை இல்லை. அறைக்கு யாரும் வரவில்லை.'

அது தொண்ணூற்று நான்காம் வருஷம். பிரதி எடுத்து வைக்கிற இரண்டாவது டிஸ்க் மிகச் சிறியது. அதனால் அவளே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தின் எழுத்துகளை வைத்துக் கணக்குப் போட்டால் நீண்ட எண் ஒன்று வரும். அதுதான் அந்தப் பக்கத்தின் அடையாளம். அதே எண்ணுள்ள பக்கம் ஏற்கெனவே இருந்தால் புரோகிராம் மறுபடி சேமிக்காது. 'இது இன்னொருவருக்கும் வேண்டும்' என்று ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். எண்ணிக்கை பூஜ்யமானால், யாருக்கும் வேண்டாத பக்கம் என்று அர்த்தம். அதை மட்டும் அழிக்கலாம். அவளுடைய தினக்குறிப்பும் அப்படித்தான் கிடந்தது. நூற்றுத் தொண்ணூறு நாள், ஒரே பக்கம்.

கட்டளைகள் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டியிருந்தாள்: வை, எடு, பெருக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டாள். புதன் காலையில் டெஸ்பாட்ச் கிளார்க் காளிராஜ் அறை வாசலில் நின்றிருந்தார்.

"தங்கச்சி, நேத்து பெரிய டிஸ்க்கு கரகரன்னு இழுத்துக்கிட்டு கெடந்துச்சு. பயந்துபோயி, நீ ஒட்டி வச்சிருந்ததப் பாத்து பெருக்குன்னு அடிச்சேன்."

"பெருக்கா? எதுக்கு அண்ணாச்சி?"

"ஒண்ணு ரெண்டாப் பெருகட்டும்னுதான்."

அன்னாளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "அது வாய்ப்பாட்டுப் பெருக்கு இல்ல அண்ணாச்சி. வெளக்கமாத்துப் பெருக்கு."

பெரிய டிஸ்க் இரவோடு இரவாகச் செத்திருந்தது. மிஞ்சியது சின்ன டிஸ்க்கில் இருந்த பிரதிதான். மூன்று மணிக்கு மருந்து ஆய்வாளர் வருகிறார். ஒவ்வொரு லாட் துணிக்கும் கிருமிநீக்கச் சோதனை அறிக்கையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குடோனிலிருந்து ஒரு பெட்டியும் ஆஸ்பத்திரிக்குப் போகாது, கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள்.

எடு என்று அடித்தாள். 'முதல் பக்கம் இல்லை' என்றது. அடுத்த லாட்டுக்கும் அதே பதில். எல்லா லாட்டுக்கும் அதேதான்.

முதல் பக்கத்தில் இருப்பது லைசென்ஸ் விவரமும் சோதனை முறையும். எல்லா லாட்டுக்கும் பொது. அதனால் டிஸ்கில் ஒன்றுதான் இருந்தது. இத்தனை பேருக்கு வேண்டியது எப்படிக் குப்பையானது? லாட்டுகளை எண்ணிப் பார்த்தாள். இருநூற்று ஐம்பத்தாறு. எண்ணிக்கைக்கு அவள் ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு பைட். அதில் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் எண்ண முடியும். அடுத்த எண், ஸ்கூட்டர் மீட்டர் சுற்றி முடிந்தாற்போல, பூஜ்யம். திங்கட்கிழமை ஒரு லாட் கூடுதலாகச் சேர்ந்தது. எல்லாருக்கும் வேண்டிய பக்கம் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது.

"என்னால வந்த வெனை. மொதலாளிகிட்ட நானே சொல்லிருதேன்," என்றார் காளிராஜ்.

பழியை அவர்மேலேயே விட்டிருக்கலாம். நடந்தது இன்னதென்று அறிந்தவர் அந்தக் கம்பெனியில் அவளைத் தவிர யாருமில்லை.

"நீங்க குப்பையத்தான் பெருக்கினீக. அதக் குப்பைன்னு எண்ணினது நான்."

எண்ணிக்கைக்கு முதலில் இரண்டு பைட் கொடுத்தாள். போனது ஒரே பக்கம். அந்த ஒன்றைத் திருப்பி வைத்தால் அத்தனை லாட்டும் எழுந்துவிடும். ஆஸ்பத்திரிகளுக்காக அச்சகத்தில் அடித்த பிரதி ஒன்று இருந்தது. அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடித்தாள். லாட்டுகளின் பட்டியலில் பதிந்திருந்த அடையாள எண்ணோடு ஒத்துவரவில்லை. ஓர் இடைவெளி மாறினாலும் எண் மாறிவிடும். அச்சுக் கோப்பவரோ இடைவெளியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருப்பார். மணி இரண்டு.

காளிராஜ் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "இத மொதல்ல அடிச்சது நாந்தான் தங்கச்சி. நீ வேலைக்கு வாரதுக்கு முந்தி."

அன்னாள் திரும்பினாள். "எப்படி அடிச்சீக?"

"டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல சொல்லிக் குடுத்த மாதிரிதான். புள்ளி வச்சா இடைவெளி ரெண்டு தட்டணும். ஒண்ணோட நிறுத்துனா மாஸ்டர் வெரல்லயே போடுவாரு."

பதினொரு முற்றுப்புள்ளிகள். ஒவ்வொன்றின் பின்னும் இன்னொரு தட்டுத் தட்டினாள். எண் ஒத்தது. வை. பிறகு எடு. முதல் லாட் வந்தது, இரண்டாவது வந்தது. பிரிண்டர் கத்தத் தொடங்கியது.

"ஒரு தட்டுக்கு இம்புட்டுப் பாடா!" என்று காளிராஜ் விரலைத் தடவிக்கொண்டார்.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். காளிராஜும் பெட்டிகளை ஏற்றப் போய்விட்டார். அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் இருந்தது. அன்னாள் அன்றைய குறிப்பை அடித்தாள்: 'மின்தடை இல்லை. காளிராஜ் அண்ணாச்சி வந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.'

வை என்றாள். அதைப் போன்ற பக்கம் டிஸ்கில் எங்கும் இல்லாததால், புதிதாக ஓர் இடம் பிடித்தது. எண்ணிக்கை: ஒன்று.