எல்லாரும் முதலாளி, ஒருவர் கோல்கீப்பர்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என் பல்செட்டின் மீது ஆணை. சொந்தப் பல் இருந்த காலத்திலேயே பொய் சொல்லாதவன், காசு கொடுத்து வாங்கிய பல்லை வைத்துக்கொண்டா சொல்லப்போகிறேன்? நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நம்புகிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்குக் கால் நீட்ட வேண்டும்.

எங்கள் பழைய கால்பந்துக் கிளப்புக்கு ஒரு முதலாளி இருந்தார். சிமெண்ட் வியாபாரி. மைதானத்தின் உச்சியில் கண்ணாடி அறை ஒன்று கட்டி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார். நாங்கள் வெயிலில் நின்று அவரைத் திட்டுவோம். அணி தோற்றால் அவரால் தோற்றது. ஜெயித்தால் அவர் இருந்தும் ஜெயித்தது. வீட்டில், வேலையில், பேருந்தில் வாரம் முழுக்க வாங்கிய வசவை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு லேசாக வீடு திரும்புவோம். அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் ஒருவருக்கும் ரத்தக்கொதிப்பு கிடையாது. டாக்டரே காலி செய்துகொண்டு போய்விட்டார்.

ஒருநாள் கேட்டில் பூட்டு தொங்கியது. கிளப் கலைக்கப்பட்டது என்று ஓர் அட்டை. ‘இந்தக் கிளப் நாசமாப் போக’ என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் எல்லாம் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு அழுதோம். செத்துப் போன பசு குடம் பால் கறக்கும் இல்லையா? வண்டி வண்டியாகக் கோல் வாங்கித் தோற்ற ஆட்டங்கள் எல்லாம், மறுநாளே ‘மயிரிழையில் நழுவிய வெற்றிகள்’ ஆகிவிட்டன.

அப்புறம்தான் ரசிகர்கள் நாங்களே ஒரு கிளப் தொடங்குவது என்று முடிவாயிற்று. முடிவு நடந்த இடம் முடிவெட்டும் இடம். சலூன்காரர்தான் தலைவர். மற்றவர்கள் வாய் திறக்கப் பயந்தபோது அவர் கையில் கத்தி இருந்தது, வேறு தகுதி எதுவும் இல்லை.

“இனிமே இங்க முதலாளின்னு ஒருத்தன் கிடையாது. நாம எல்லாருமே முதலாளி. எதுவா இருந்தாலும் கை தூக்கித்தான் முடிவு” என்றார், பாதி சவரம் செய்த ஒருவரின் கன்னத்தை மறந்துவிட்டு.

“அதையும் கை தூக்கித்தானே முடிவு பண்ணணும்?” என்றார் தையற்காரர். அவருக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால், யாரைக் கேட்டு உதிக்கிறது என்பார்.

கை தூக்கினோம். கை தூக்கித்தான் முடிவெடுப்பது என்று கை தூக்கி முடிவெடுத்தோம். தலைவருக்கு ஓட்டு கிடையாது என்பதையும் அப்படியே முடிவு செய்தோம். அதற்குத் தலைவரும் சேர்ந்து கை தூக்கினார்.

அன்றிலிருந்து எங்கள் கை கீழே இறங்கவில்லை. சட்டை என்ன நிறம், கொடி என்ன நிறம், கொடிக்கம்பத்துக்குச் சாயம் பூசலாமா என்று தூக்கித் தூக்கி, உறுப்பினர்கள் பலருக்கு வலது தோள் இடது தோளைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. எதிர்க்கட்சி ராப்பகலாக உட்கார்ந்து எல்லார் சட்டையையும் பிரித்துத் தைத்தார். அந்தத் தொழில் லாபத்துக்காகத்தான் அவர் எல்லாவற்றையும் எதிர்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் சொல்கிறது.

கோல்கீப்பர் விஷயத்துக்கு மட்டும் அதிக நேரம் ஆகவில்லை. சொந்தமாகக் கையுறை வைத்திருந்த ஒரே உறுப்பினர் என் மாப்பிள்ளை. கண்ணாடிக் கடையில் ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துகிற வேலை. கை கிழியாமலிருக்கக் கடையில் கொடுத்த தோல் உறை அது. என் மகள் கூட்டத்தில் எழுந்து நின்று, “எங்க வீட்டுக்காரருக்குத் தகுதி இருக்கு, கையுறை இருக்கு, உயரம் இருக்கு. வேற யாருக்காவது என்ன இருக்கு?” என்றாள். ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. அவளிடம் வாய் இருந்தது. கைகள் உயர்ந்தன.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன். அதுதான் சிக்கல். ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறவனுக்குத் தொழிலில் முதல் பாடம் என்ன? எதிரே எது வந்தாலும் ஒதுங்கு. பந்து வேகமாக வரும். மாப்பிள்ளை மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார். சில பந்துகளுக்குத் தலையும் குனிவார். தொழிலில் இரண்டாவது பாடமும் உண்டு: எது கீழே விழுந்தாலும் உயிரைக் கொடுத்தாவது பிடி. ஆனால் எதிரணிக்காரன் எவன் பந்தை மேலேயிருந்து மெதுவாகப் போடுகிறான்? எல்லாப் பயல்களும் நேரே அல்லவா உதைக்கிறார்கள்!

தோற்றோம். மறுபடியும் தோற்றோம். தோல்வி எங்களுக்குப் புதிதல்ல. திட்டுவதற்கு ஆள் இல்லாததுதான் புதிது. பழக்கதோஷத்தில் ஒருவர் எழுந்து, “யோவ் முதலாளி, உனக்கு அறிவிருக்கா?” என்று கத்துவார். சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பி, “யாரைய்யா சொல்ற?” என்பார்கள். எல்லாரும் முதலாளி ஆயிற்றே. ஒருவர் தன்னையே திட்டிக்கொண்டு, தனக்கே கோபம் வந்து, தன்னோடு பல நாள் பேசாமல் இருந்தார். டாக்டர் திரும்பி வந்து பழைய இடத்திலேயே பெயர்ப்பலகை மாட்டினார்.

கடைசியில் வசவு எல்லாம் ஒரே வீட்டு வாசலுக்கு வந்தது. என் வீடு. அதாவது மகள் வீடு. மாடியில் ஓர் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் தந்து என்னை வைத்திருக்கிறாள்.

சவரம் செய்துகொள்ளப் போனேன். சலூன்காரர் என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“பெரியவரே, ஞாயித்துக்கிழமை கிடங்குக்காரங்களோட ஆட்டம். தோத்தா லீக்லேருந்து நம்மள தூக்கிடுவாங்க. சமன் பண்ணினாலே போதும். உங்களுக்குக் கிளப் பெருசா, மாப்பிள்ளை பெருசா?”

“கத்தி பெருசு” என்றேன். “கொஞ்சம் தள்ளிப் பிடிங்க.”

“கீப்பரை மாத்தணும்னு தீர்மானம் வரும். கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?”

பாதி மீசையோடு வீட்டுக்குப் போக முடியாது என்பதால், தூக்குகிறேன் என்று தலையாட்டினேன். கத்தி கழுத்தில் இருக்கும்போது தலையாட்டுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது ஆட்டியவனுக்குத்தான் தெரியும்.

செய்தி எனக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. மகள் தட்டை வைத்தாள். தட்டில் ஒன்றும் இல்லை.

“அப்பா, நீங்க கை தூக்குங்க. வேண்டாம்னு சொல்லல. ஆனா அப்புறம் அந்தக் கையாலயே சமைச்சுக்குங்க.”

“என்னம்மா, கிளப் விஷயத்தையும் அடுப்பையும் முடிச்சுப் போடற?”

“அவரு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்களும் கை தூக்கினா அந்த மனுஷன் தாங்குவாரா?”

மாப்பிள்ளை உள்ளேயிருந்து, “மாமாவை விடும்மா. ஜனநாயகம்னா அப்படித்தான்” என்றார். இந்த மாதிரி ஆளைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது, கோலில் நிற்க வைக்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் வாடகை நிலம். ஒரு கோல் மேட்டில், இன்னொன்று பள்ளத்தில். கிடங்குக்காரர்கள் மூட்டை தூக்கித் தூக்கி உரமேறியவர்கள். அவர்கள் மேட்டுப் பக்கமாக மைதானத்துக்குள் இறங்கியதும் நிலம் அந்தப் பக்கம் சாய்ந்து, மேடும் பள்ளமும் சமமாகிவிட்டன. அதுவே எங்களுக்கு முதல் அதிர்ஷ்டம். இரண்டாவது அதிர்ஷ்டம், அவர்கள் உதைத்ததெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மாப்பிள்ளை ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆட்டம் முடியப்போகிறது, இரு பக்கமும் கோல் இல்லை.

இப்படியே விட்டிருந்தால் பிழைத்தோம். ஆனால் சலூன்காரர் பெஞ்சின் மேல் ஏறினார்.

“கீப்பரை நீக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க!”

“ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கே!” என்றார் எதிர்க்கட்சி.

“ஆட்டம் முடிஞ்சப்புறம் நீக்கி என்னய்யா பிரயோஜனம்?”

கைகள் உயர்ந்தன. சலூன்காரர் எண்ணினார், வேண்டாம் என்பவர்களையும் தூக்கச் சொல்லி எண்ணினார். நீக்க வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் சரிசமம். கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். மொத்தக் கூட்டமும் என் பையையே பார்த்தது. பின்னால் மகள் நின்றாள். அவள் மூச்சு என் பிடரியில் சுட்டது. என்னுடைய மீதிக்காலச் சாப்பாடு அந்தப் பைக்குள் இருந்தது.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த எங்கள் ஆட்டக்காரர்களும் உறுப்பினர்கள்தானே? அவர்களும் முதலாளிகள்தானே? தீர்மானம் என்று காதில் விழுந்ததும், ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்று, கடமை தவறாமல் கை தூக்கினார்கள், வேண்டும் என்று பாதி, வேண்டாம் என்று பாதி. கிடங்குக்காரன் ஒருவன் பந்தோடு அவர்கள் நடுவில் தோப்புக்குள் போவதுபோல நடந்து போனான். கோலுக்கு முன்னால் மாப்பிள்ளை நின்றார். அவருடைய கையும் மேலே இருந்தது.

ஆமாம். தன்னை நீக்கச் சொல்லித் தானே ஓட்டுப் போட்டார். அவ்வளவு நேர்மை.

கிடங்குக்காரன் உதைத்தான். பந்து மாப்பிள்ளை தூக்கிய கையில் மோதி, நேர் மேலே போய், ஒரு மேகத்துக்குள் நுழைந்து, ஈரமாகத் திரும்பி வந்தது. கீழே விழுகிற பொருள்! மாப்பிள்ளைக்குள் இருந்த கண்ணாடிக்காரர் விழித்துக்கொண்டார். பாய்ந்து இரண்டு கையாலும் ஏந்தினார்.

கூட்டத்தில் யாருக்கும் அது சந்தோஷமாகப் படவில்லை. சட்டப் பிரச்சினையாகப் பட்டது.

“அந்தக் கை ஓட்டா, தடுப்பா?” என்று எழுந்தார் எதிர்க்கட்சி. “ஓட்டுன்னா அவர் போயாச்சு. தடுப்புன்னா சமமாவே நிக்குது.”

“அதையும் ஓட்டுக்கு விடுவோம்” என்றார் சலூன்காரர். “பெரியவரே, கையை வெளிய எடுங்க!”

“அப்பா!” என்றாள் மகள். அந்த ஒரு சொல்லுக்குள் அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது.

இதற்குள் மாப்பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டார். கையில் ஏந்தியதைக் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும், அதுதான் தொழில். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, “வழி வழி! ஓரமா போங்க, கண்ணாடி, கண்ணாடி!” என்று குரல் கொடுத்தபடி மைதானத்தின் நடுவே நடந்தார். கண்ணாடி என்றால் ஒதுங்காதவன் உலகத்தில் உண்டா? கிடங்குக்காரர்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். மூட்டை சுமக்கிறவனுக்குச் சுமக்கிறவனின் அருமை தெரியும். ஒருவன், “பார்த்து வைங்கண்ணே” என்றுகூடச் சொன்னான். நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே ஓரமாக நின்றார். எதிரணி கோல்கீப்பர் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வயிற்றை எக்கி இடம் கொடுத்தார். மாப்பிள்ளை குனிந்து, பந்தை வலைக்குள் சத்தம் வராமல் வைத்து, ஒரு மூலை ஏறி இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சரி செய்தார்.

நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கண்ணாடியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. கோல் என்று விசில் ஊதினார்.

அப்போது எழுந்த சத்தத்தில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. நான் குதித்தேன், எதிர்க்கட்சி குதித்தார், மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினோம்.

சலூன்காரர் மட்டும் குதிக்கவில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

“தீர்மானம் நிறைவேறியது” என்றார். “கீப்பர் நீக்கப்பட்டார். ஒருமனதாக.”

“யோவ், அது சந்தோஷத்துல தூக்கின கை!” என்று பாய்ந்தாள் மகள்.

“சந்தோஷமா தூக்கினது, சங்கடமா தூக்கினதுன்னு விதியில பிரிவு இல்லம்மா. நீ ரெண்டு கையும் தூக்கின. நான் நியாயமா ஒண்ணுதான் சேர்த்திருக்கேன்.”

எதிர்க்கட்சிகூட எதிர்க்கவில்லை. அவருடைய கைகள் இன்னும் மேலேதான் இருந்தன.

வீடு திரும்பும் வழியில் மாப்பிள்ளை, “ஒருமனதா நீக்கினது நல்லதுதான் மாமா. ஒரு ஓட்டுல போயிருந்தா மனசு கஷ்டமாயிருக்கும்” என்றார். வெற்றி பெற்றுத் தந்த கையோடு வேலையை இழந்த முதல் கோல்கீப்பர் அவராகத்தான் இருக்க வேண்டும். அன்று அவர் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. ஜன்னலைத் துடைத்துக்கொண்டே சீட்டி அடித்தார்.

மகள் தட்டை வைத்தாள். நான் பயந்து பயந்து பார்த்தேன். நிறைய இருந்தது.

“என்ன பார்க்கிறீங்க? சாப்பிடுங்க.”

“இல்லம்மா, நானும் கை தூக்கினேனே…”

“நான் மட்டும் என்ன, காலையா தூக்கினேன்?” என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள்.

எங்கள் கிளப்புக்கு இன்னும் சொந்தப் பந்து வாங்கவில்லை, எதிரணி கொண்டுவரும் பந்தில்தான் ஆடுகிறோம். வெள்ளையா மஞ்சளா என்பதில் கைகள் சமமாக நிற்கின்றன.