கையெழுத்துக்குக் கீழே ஒரு படம்

வெற்றிச்செல்வியின் தையல்கூடத்திலிருந்து அரியலூர் சிமெண்ட் ஆலைக்குத் தூசி வடிகட்டும் பைகள் போக ஆரம்பித்து நான்கு வருஷமாகிறது. போவது அவள் பேரில் அல்ல. திருச்சி ஒப்பந்தக்காரர் தங்கசாமி தன் கம்பெனிப் பேரைக் குத்தி அனுப்புவார். "உன் பேரு அங்க தெரிஞ்சுதுன்னா அன்னிக்கே வேலைய நிறுத்திடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியும் வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பெரம்பலூரில் எட்டுப் பெண்கள் அவளை நம்பி மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள்.

இருந்தும் 2006 ஆடியில், தன் சொந்தப் பேரில் ஆலைக்கு விலைப்பட்டியலை மெயிலில் அனுப்பிவிட்டாள்.

"ஆடி முடியட்டுமேக்கா" என்றாள், கூட வேலை செய்யும் பரிமளா.

"டெண்டரு ஆடியப் பாத்துக்கிட்டா வருது?"

ஆலையில் சாமான் வாங்கும் அதிகாரி பாலசுந்தரம் செல்லில் கூப்பிட்டார். "கம்பெனி மெயில்னா கீழ பேரு, விலாசம், லோகோ எல்லாம் இருக்கணும்மா. இது யாரோ சொந்தக்காரங்களுக்கு எழுதின மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள ஒழுங்கா அனுப்புங்க. இல்லாட்டி மேல வைக்கமாட்டேன்."

போர்டு எழுதுகிறவரிடம் ஊசியும் நூலுமாக ஒரு படம் வரைந்து வாங்கினாள். ஸ்கேன் செய்து, மெயிலில் தன் பேருக்குக் கீழே வைத்தாள். திரையில் ஜம்மென்று இருந்தது. எட்டுப் பேரும் மெஷினை விட்டு எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பாலசுந்தரம் மறுபடி கூப்பிட்டார். "லோகோ எங்கம்மா? வெறும் கட்டம்தான் வந்திருக்கு. உள்ள செவப்பா ஒரு பெருக்கல் குறி."

"எனக்குத் தெரியுதே சார்!"

"எனக்குத் தெரியலையே!"

மூன்று தடவை அனுப்பினாள். மூன்று தடவையும் கட்டம்தான் போனது. அரியலூரில் என்ன தெரிகிறதென்று அரியலூரிலேயே பார்த்துவிடுவது என்று பஸ் ஏறினாள். பக்கத்துத் தெரு கம்ப்யூட்டரில் பார்த்திருந்தாலும் இதே கட்டம்தான் தெரிந்திருக்கும். ஆனால் மெயில் போனது அரியலூருக்கல்லவா, அவளுக்கு அங்கே போனால்தான் மனம் ஆறும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் திறந்தாள். தனக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தாள். அதே கட்டம், அதே பெருக்கல் குறி. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள்.

சென்டர் நடத்தும் தமிழ்மாறன் எட்டிப் பார்த்தார். "படம் உங்க கம்ப்யூட்டர்லயே உக்காந்திருக்குங்க. மெயிலோட கிளம்பவே இல்ல. படம் இருக்கிற எடத்தோட விலாசம் மட்டுந்தான் வந்திருக்கு. உங்க வூட்டு பீரோ எங்க வூட்லேருந்து தெரியுமா? படத்தையும் சேத்து அனுப்புன்னு ஒரு எடத்துல டிக் போடணும்."

எந்த இடம் என்று கேட்டு, உள்ளங்கையில் வரிசையாக எழுதிக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் வியர்த்து அது அழிந்துவிடக் கூடாதென்று கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை.

நாலரைக்கு டிக் போட்டு அனுப்பினாள். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது செல் அடித்தது.

"வந்துடுச்சும்மா, தெளிவா இருக்கு. புது ஆளுங்கிறதால சாம்பிள் பை ஒண்ணு குடுங்க. ஒரு மாசம் மாட்டி, தையல் தாங்குதான்னு பாக்கணும்."

ஒரு மாதம் என்றால் அதற்குள் தங்கசாமி காதுக்குப் போய்விடும். இந்த வேலையும் கிடைக்காமல் அந்த வேலையும் போனால் எட்டுப் பேருக்கும் என்ன பதில் சொல்வது? அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே சொன்னாள்.

"சாம்பிள் எதுக்குங்க சார்? இப்ப உங்க ஆலைல மாட்டியிருக்கிற பையில எத வேணும்னாலும் கழட்டிப் பாருங்க. திருச்சிப் பேருதான் போட்டிருக்கும். தைச்சது நாங்க."

எட்டு மெஷின்களும் நின்றுவிட்டன.

"எத்தன வருஷமா?"

"நாலு வருஷமாங்க."

"நாலு வருஷத்துல ஒரு பை கிழிஞ்சதில்லையேம்மா" என்றார் பாலசுந்தரம். "திங்கக்கிழம வாங்க. உங்க பேர்லயே ஆர்டர் எழுதிடுறேன்."