ஊசி இல்லாத குளவி

ஜாம் பாட்டிலின் மூடியில் குண்டூசியால் குத்தியிருந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பதைப் பார்க்காமலிருக்க வேறு வழி தெரியவில்லை. பாட்டில் என் மனைவியின் ஏற்பாடு. பால்கனி எலுமிச்சைச் செடியில் ஒரு புழு உடம்பெல்லாம் வெள்ளைக் கூடுகளோடு அசையாமல் கிடக்க, இலையோடு கிள்ளி உள்ளே போட்டுவிட்டு, "என்னங்க, உங்க ஆளுங்க வந்திருக்காங்க" என்றாள். அது போன வாரம்.

என் ஆட்கள் என்றால் ஒட்டுண்ணிக் குளவிகள். அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக அவற்றில் ஒரே ஒரு பேரினத்தைப் பிரித்துப் பெயர் வைத்துப் பெட்டியில் அடுக்குவது என் பிழைப்பு. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய குளவி. பெண் குளவி ஊசியால் குத்திப் புழுவுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளரும். ஆள் செத்துவிடக் கூடாதென்று முக்கிய உறுப்புகளைத் தொடாமல் பதமாகத் தின்னும். பிறகு தோலைத் துளைத்து வந்து கூடு கட்டும். போன கோடையில் இரண்டு மாதம் எங்களோடு தங்கியிருந்த மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "கொஞ்சமாவது நன்றி வேணாமா மாமா?" என்று வருத்தப்பட்டான்.

ஆறு வருஷம் முன்பு ஒரு புதுச் சிற்றினத்துக்கு நான் மனைவியின் பெயரை வைத்தபோது, "எல்லாரும் பொண்டாட்டி பேர்ல வீடு வாங்குறாங்க, மாமா பூச்சி வாங்கியிருக்காரு" என்றவனும் அவனே. அவளுக்கு அதில் பெருமைதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில், அந்தப் பெயரை அறிவித்து நான் எழுதிய கட்டுரையின் முதல் பக்கம் இருக்கிறது. பயந்து கை நீட்டுகிறவர்களிடம், "என் பேர்ல ஒரு குளவியே இருக்கு. ஆனா நான் மெதுவாத்தான் குத்துவேன்" என்பாளாம்.

இன்று பாட்டிலில் முப்பத்திரண்டு குளவிகள், எல்லாம் அந்த ஒரே புழுவிலிருந்து. பாதிக்கு மஞ்சள் கால்; அது எண்பது வருஷமாகத் தெரிந்த சிற்றினம். மீதிக்குக் கறுப்புக் கால். அது என் மனைவி. இரண்டு இனம் ஒரு புழுவைப் பங்கு போட்டிருக்கலாமே என்று பல் தேய்க்கும்போது ஒரு சாக்கு தயார் செய்திருந்தேன். காபி ஆறுவதற்குள் ஒரு கறுப்புக் கால் மஞ்சள் காலின் மேல் ஏறி இணைசேர்ந்து, அந்தச் சாக்கையும் தீர்த்து வைத்தது.

அவள் லென்ஸை வாங்கிக் குனிந்தாள்.

"இதுல நான் எது?"

"கறுப்புக் கால்."

"மஞ்சக் காலுக்கெல்லாம் ஊசி இருக்கு. எனக்கு எங்க?"

நாள் முழுக்க ஊசியோடு பிழைப்பவளிடம் என்ன சொல்வது? பெயர் வைத்தபோது என்னிடமிருந்த மூன்று மாதிரிகளும் வயிற்று நுனி பசையில் புதைய அட்டையில் ஒட்டப்பட்டவை. கழுவிப் பார்க்கச் சோம்பல்பட்டு, 'ஊசி மிகக் குட்டை, வெளியே தெரிவதில்லை' என்று எழுதியிருந்தேன். அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"அதுக்கு ஊசியே கிடையாதும்மா. ஆண். மஞ்சக் காலோட ஆண்."

"ஆறு வருஷமா நான் ஆம்பளையா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப என் பேரு?"

"முதல்ல வச்ச பேருதான் நிக்கும். உன் பேரு அதுக்குக் கீழ, சின்ன எழுத்துல."

"வேற யாருக்குத் தெரியும்?"

"நமக்குத்தான். நான் எழுதலைன்னா இன்னும் இருபது வருஷத்துக்கு ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. என் கை மூடியின் மேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"ரத்தக் குழாய்ல பேரை மாத்தி ஒட்டிட்டா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா?"

"என்ன?"

"அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக் குத்துவோம். அவர் கத்துவாரு. அதை வாங்கிக்கிட்டுக் குத்துவோம்." பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சீட்டு கொண்டாங்க."

மாதிரிக்கு அடியில் குத்துகிற, நகத்தளவுச் சீட்டு. குழாய்களில் எழுதிப் பழகிய அவள் எழுத்து என்னுடையதைவிடச் சின்னது. தேதி. எலுமிச்சைச் செடி. புழுவிலிருந்து வளர்த்தது. ஆண். கடைசி வரியில் 'சேகரித்தவர்' என்று எழுதிவிட்டு, தன் பெயர் வரவேண்டிய இடத்துக்கு மேல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். பாட்டிலுக்குள் ஒரு கறுப்புக் கால் கண்ணாடியில் ஏறி, மூடியின் ஓட்டை ஒன்றில் உணர்கொம்பை நீட்டித் தடவிக்கொண்டிருந்தது.