கௌரவமான வியாதி

1

இந்தக் கதையை எழுதப் பங்கிராஸ் வாத்தியார் அனுமதி கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க சார். வியாதி பேர மட்டும் மாத்திருங்க. கௌரவமான வியாதியாப் பாத்துப் போடுங்க."

இதய நோயைப் போட்டுப் பார்த்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவரைப் பார்த்து யாரும் "குடித்திருக்கிறாரா?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் கதையே இல்லை. வாத்தியார் மன்னிக்க வேண்டும், சர்க்கரைதான். அதுவும் ஊரே பயப்படுகிற ஏறிய சர்க்கரை அல்ல, இறங்கிய சர்க்கரை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

மேற்கு மலைகளின் மீது மேகம் கவிந்திருந்த ஒரு

(விட்டுவிட்டேன். மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

நேராகச் சொல்கிறேன். 2004 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை, ராயப்பன்பட்டி. வாத்தியாரின் மகள் பெனிஷாவைப் பெண் பார்க்கச் சின்னமனூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா இன்னாசி குடும்பத்தோடு வருகிறார். இந்தச் சம்பந்தத்தைப் பேசிவிட்டவன் நான். வாத்தியார் எங்கள் ஊர் மதுவிலக்குச் சபையின் தலைவர். சாராயத்தைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டியவர். அவருக்குச் சர்க்கரை இருப்பது மனைவி மதலேனாளுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். எனக்கும் தெரியும். (ஒருநாள் அவர் வீட்டு ஃபிரிட்ஜில் ஊறுகாய் பாட்டிலுக்குள் இன்சுலினைப் பார்த்துவிட்டேன். அது ஊறுகாய்தான் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.)

* அடிக்குறிப்பு: இன்சுலின் போட்டவர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தவறினால் வியர்வை, நடுக்கம், கோபம், வாய் குழறல், கடைசியில் மயக்கம். ஆரம்பத்திலேயே சீனித் தண்ணீர் கொடுத்தால் தெளிந்துவிடும். இவ்வளவு மலிவான வைத்தியம் இருக்கிற ஒன்றுக்கு மரியாதை கிடைப்பது கடினம்தான்.

3

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்றரைக்கு வந்தார்கள். பன்னிரண்டரைக்கே மதலேனாள் கெஞ்சினாள்: "ஒரு வாய் சாப்டுருங்க."

"சம்பந்தி வாரப்ப வாயில சோத்தோடயா நிக்கச் சொல்ற?"

புதுச் சட்டைப் பையில் அவள் போட்டுவிட்ட நான்கு மிட்டாயையும், பை புடைக்கிறது என்று வாத்தியார் எடுத்து வைத்துவிட்டார்.

விருந்தாளிகளுக்குக் கேசரி வந்தது. வாத்தியார் தொடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திடீரென்று இன்னாசியைப் பார்த்து, "நீ... பொண்ணு பாக்க வந்தியா, மாடு பாக்க வந்தியா?" என்றார். நாக்கு தடித்திருந்தது.

இன்னாசி கரண்டியைக் கீழே வைத்தார். "சாருக்குப் பழக்கம் உண்டோ?"

[இந்த இடத்தில் மதலேனாள் மேல் எனக்குச் சந்தேகம். இப்படி ஒரு மனைவி சொல்வாளா? இரண்டு முறை மாற்றி எழுதினேன். ஆனால் அவள் சொன்னதை என் காதால் கேட்டேன்.]

"என்னைக்காச்சும்... கொஞ்சம்போலக் குடிப்பாக."

இன்னாசியின் முகம் மலர்ந்தது. "அட, இம்புட்டுத்தானா! சுகரோன்னு பயந்துட்டேன். அதுன்னா வம்சத்துக்கே வந்துரும். குடி எந்த வீட்லதான் இல்ல? உப்பப் போட்டு ஒரு சொம்பு மோரு குடுங்க, தெளிஞ்சுரும்."

மோர் வந்தது. கேசரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சொன்ன பொய்க்குக் கட்டுப்பட்டு மதலேனாள் மோரையே கொடுத்தாள். வாத்தியாரின் கண்கள் செருகத் தொடங்கின.

4

பெனிஷா உள்ளேயிருந்து வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் ஒரு டம்ளர் சீனித் தண்ணீர்.

"வெலகும்மா." அப்பாவின் தாடையைப் பிடித்து, "முழுங்குங்கப்பா... இன்னொரு வாய்" என்று மெதுவாகக் குடிக்க வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்பா குடிக்கல. சுகர் இறங்கிருச்சு. ஊசியப் போட்டுட்டு ஒங்களுக்காகத்தான் சாப்பிடாம இருந்தாக."

கால் மணி நேரம் யாரும் எழுந்து போகவில்லை. கேசரி மட்டும் தீர்ந்துகொண்டிருந்தது.

5

முடிவு அ: மாப்பிள்ளை சகாய பிரவீன் எழுந்து, "எனக்கும் சுகர்தான்" என்று

(சினிமா. அடித்துவிட்டேன். அவன் தலையைக் குனிந்தவன் நிமிரவே இல்லை.)

நடந்தது இது. வாத்தியார் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். சட்டையை நீவிக்கொண்டார். எல்லோர் முகத்தையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"புள்ள எம் மானத்தக் காப்பாத்தப் பொய் சொல்லுது. நான் குடிச்சிருந்தேன்."

மதுவிலக்குச் சபைத் தலைவர் வாழ்நாளில் குடித்தது அன்று ஒருநாள்தான், அதுவும் ஒரு சொட்டு இல்லாமல்.

இன்னாசி என் பக்கம் திரும்பினார். "சார், ஒங்கள நம்பித்தான் வந்தோம். ரெண்டுல எது நெசம்?"

வாத்தியாரின் கண்கள் என்னைக் கெஞ்சின. பெனிஷாவின் கண்களும் கெஞ்சின, வேறொன்றை.

ஒரே சொல்லில் பதில் சொன்னேன்.

மே மாதம் கல்யாணம் நடந்தது. வாத்தியார் சபையிலிருந்து விலகிக்கொண்டார். திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் பெனிஷா ஊரில் எல்லோரிடமும் பேசுகிறாள், என்னைத் தவிர.

அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. இடம் விட்டிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீங்கள் எழுதுங்கள்:

"..............."